பால் சுறாவும் புள்ளிமானும்

அரபு இலக்கியப் பயிற்சிக்காக நாம் மாணவர்களுக்கு அவ்வப்போது இமாம் தமீரீ (ரஹ்) அவர்களின் ‘ஹயாத்துல் ஹயவானில் குப்ரா’ நூலிலிருந்து சில பக்கங்களை வாசித்துக் காட்டுவதுண்டு. ஹிஜ்ரி 773இல் நிறைவுபெற்ற இந்நூலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தலைப்புகள் அகர வரிசையில் அமைந்துள்ளன. ‘அலிஃப்’ எழுத்தின் கீழ் ‘அய்யில்’ எனும் மானும், ‘காஃப்’ எழுத்தின் கீழ் ‘கிர்ஷ்’ எனும் சுறாவும் இடம்பெறுகின்றன. குறைஷிக் குலத்தின் பெயர் இந்தக் ‘கிர்ஷ்’ என்ற சொல்லிலிருந்தே வந்தது என்பது அறிஞர்கள் கூறும் காரணங்களுள் ஒன்று. ஒன்றுகூடுதல், வணிகம் செய்து பொருள் ஈட்டுதல் ஆகிய பொருள்களைத் தரும் வேர்ச்சொல்லிலிருந்து வந்தது என்போரும் உளர்.

அன்று ‘கிர்ஷ்’ பற்றிய பகுதியை முடித்தபோது, கடற்கரை ஊரைச் சேர்ந்த மாணவர் ஒருவர் எழுந்து கேட்டார்: “ஹஜ்ரத், எங்கள் ஊரில் சுறாவை அறுத்தால் சில நேரம் வயிற்றில் குட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றும் கொடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆட்டுக் குட்டியைப் போலக் கொடியோடு பிறப்பதை மீன் என்று எப்படிச் சொல்வது?”

வகுப்பில் சிலர் சிரித்தனர். ஆனால் கேள்வி சிரிப்புக்குரியதன்று. அதற்கு விடை தேடிப் புறப்பட்ட நாம், கடலில் வாழும் ஒரு சிறு சுறாவையும் காட்டில் வாழும் ஒரு மானையும் அருகருகே வைத்துப் பார்க்க நேர்ந்தது. அவ்வாறு கண்டவற்றுள் பயன் தருவனவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் இனமும்

முதலில் நாம் எடுத்துக்கொண்ட இரண்டு உயிரினங்களையும் தெளிவாக வரையறுத்துக்கொள்வோம். தமிழில் ‘மான்’ என்பது பரந்த சொல். கொம்பை ஆண்டுதோறும் உதிர்க்கும் புள்ளிமானும், வாழ்நாள் முழுவதும் ஒரே கொம்போடு திரியும் இரலையும் நமக்கு மான்களே. அரபு மொழியோ இவ்விரண்டையும் பிரித்துப் பேசுகிறது. கொம்புதிர்க்கும் இனம் ‘அய்யில்’. உதிர்க்காத சிற்றினம் ‘ஸப்யு’ அல்லது ‘கஸால்’. இன்றைய விலங்கியலும் இதே இடத்தில்தான் கோடு கிழிக்கிறது. எனவே நாம் எடுத்துக்கொள்ளும் புள்ளிமான் ‘அய்யில்’ வகையைச் சார்ந்தது. ‘ஆக்சிஸ் ஆக்சிஸ்’ என்பது அதன் அறிவியற் பெயர். இந்தியாவும் இலங்கையும் நேபாளமும் அதன் தாயகத்துள் அடங்கும்.

‘பால் சுறா’ என்பதும் இத்தகைய பொதுப்பெயரே. நம் கடற்கரைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட சிறு சுறாக்களை இப்பெயரால் அழைப்பர். நாம் இங்கு எடுத்துக்கொள்வது ‘ரைசோப்ரியோனோடான் அகூட்டஸ்’ எனப்படும் இனம். இதை 1837ஆம் ஆண்டு அறிவுலகுக்கு அறிமுகப்படுத்தியவர் எடுவார்ட் ரூப்பல் என்ற ஜெர்மானியர். அவர் விவரித்தது செங்கடலில் கிடைத்த சுறாவை. பின்னாளில், 1960இல், இவ்வினத்திற்கு மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் ஜித்தாக் கடலில் பிடிபட்ட ஓர் ஆண் சுறாவே. அங்கிருந்து நம் கரைகள் வழியாக ஜப்பான், ஆஸ்திரேலியா வரையிலும், மறுபுறம் மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலும் இது வாழ்கிறது. நன்கு வளர்ந்தது பெரும்பாலும் ஒரு மீட்டர் நீளமிருக்கும். கரையோர ஆழமற்ற நீரில் சிறு மீன்களையும் கணவாய்களையும் இறால்களையும் தின்று வாழும். மனிதனுக்கு இதனால் ஊறில்லை.

‘பால்’ என்ற அடைமொழி எங்கிருந்து வந்தது? பிள்ளை பெற்ற தாய்க்கு இதன் இறைச்சி பால் சுரக்கச் செய்யும் என்ற நம்பிக்கையிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயரும் நம் நாட்டு நம்பிக்கையைத் தழுவி எழுந்ததே. நம் கரையோர இல்லங்களில் பேறுகாலம் முடிந்த பெண்ணுக்குச் சுறாப்புட்டு செய்து கொடுக்கும் வழக்கத்தை வாசகர்கள் நன்கறிவர்.

நீந்துவன யாவும் மீனா?

உயிரினங்களை வகுக்கும் முயற்சி அரபு அறிவுலகில் மிகப் பழையது. ஹிஜ்ரி 255இல் மறைந்த ஜாஹிழ், தம் ‘கிதாபுல் ஹயவான்’ நூலின் தொடக்கத்தில், நடப்பன, பறப்பன, நீந்துவன, ஊர்வன என உயிர்களை நான்காகப் பிரிக்கிறார். உடனேயே அப்பிரிவின் குறையையும் அவரே சுட்டுகிறார். நீந்துவன எல்லாம் மீன் அல்ல என்று சொல்லி, ஆமை, தவளை, நண்டு, முதலை, டால்பின் முதலியவற்றை எடுத்துக்காட்டுகிறார். ஒரு வகுப்பின் பெயர் அதற்குள் அடங்கியவற்றின் இயல்பை முழுமையாகச் சொல்லிவிடாது என்பதை அவர் உணர்ந்திருந்தார் எனலாம்.

சுறாவைப் பொறுத்தவரை, அது மீன்தான். செவுளால் மூச்சு விடுகிறது, துடுப்பால் நீந்துகிறது. ஆனால் மத்தியும் வஞ்சிரமும் மீனாக இருப்பதைப் போன்று அது மீனாக இல்லை. மத்திக்கு எலும்புக்கூடு உண்டு; மானுக்கும் உண்டு; சுறாவுக்கு இல்லை. அதன் உடற்சட்டம் முழுவதும் நம் காது மடலில் உள்ளதைப் போன்ற குருத்தெலும்பால் ஆனது. எலும்பை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் மத்தி மானோடு சேர்ந்துவிடும். சுறா தனித்து நிற்கும். எலும்புடைய மீன்கள் பலவற்றின் உடலில் மிதப்பதற்குதவும் காற்றுப்பை உண்டு. சுறாவுக்கு அதுவும் இல்லை. எண்ணெய் நிறைந்த பெரிய ஈரலே அது மூழ்கிவிடாமல் தாங்குகிறது.

இன்னொரு வேறுபாடு நம் சமையலறை வரை வருவது. மானின் உடலில் உண்டாகும் யூரியா என்னும் கழிவுப்பொருள் பெரும்பாலும் சிறுநீரோடு வெளியேறுகிறது. சுறாவோ அதே யூரியாவை வெளியேற்றாமல் இரத்தத்திலும் தசையிலும் தேக்கி வைத்துக்கொள்கிறது. சூழ்ந்திருக்கும் உப்புநீர் தன் உடல் நீரை உறிஞ்சிவிடாமல் இருக்க அதற்கு இதுவே காப்பு. ஓர் உயிருக்குக் கழிவாக இருப்பது மற்றோர் உயிருக்கு வாழ்வாதாரமாக இருக்கிறது. சுறா இறந்தபின் அந்த யூரியா நுண்ணுயிர்களால் அம்மோனியாவாக மாறுகிறது. சுறாக் கருவாட்டின் காரமான நெடிக்குக் காரணம் இதுவே.

ஒப்புமைகளும் இல்லாமலில்லை. இருட்டில் விளக்கொளி பட்டால் மானின் கண் மின்னுவதைக் காட்டு வழியில் சென்றோர் கண்டிருப்பர். விழித்திரைக்குப் பின்னுள்ள ஒளி திருப்பும் படலமே அதற்குக் காரணம். சுறாவின் கண்ணிலும் அத்தகைய படலம் உண்டு. ஆண் புள்ளிமான் தன் கொம்புகளை உதிர்த்து மீண்டும் முளைக்கச் செய்கிறது. சுறா தன் பற்களை வாழ்நாள் முழுவதும் உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. பின்வரிசைப் பற்கள் முன்வந்து அவ்விடத்தை நிரப்புகின்றன. எனினும் இவையெல்லாம் வெளி ஒப்புமைகள். மாணவர் கேட்ட கேள்வி இவற்றைவிட ஆழமான ஒப்புமையைத் தொடுகிறது.

கொடியோடு பிறக்கும் மீன்

மாணவர் கண்டது உண்மை. பால் சுறா முட்டையிடுவதில்லை; குட்டி போடுகிறது. கருவுற்ற தாயின் வயிற்றில் குட்டிகள் முதலில் தத்தம் மஞ்சள் கருவை உண்டு வளர்கின்றன. அது தீர்ந்ததும், வெறுமையான அந்த மஞ்சள் கருவின் பை வீணாகாமல் தாயின் கருப்பைச் சுவரோடு ஒட்டி நஞ்சுக்கொடியாக மாறிவிடுகிறது. அதன்பின் குட்டிக்கு வேண்டிய உணவு தொப்புள் கொடி வழியே தாயிடமிருந்து செல்கிறது. மானின் நஞ்சுக்கொடியும் சுறாவின் நஞ்சுக்கொடியும் ஒரே வகையான திசுவிலிருந்து உருவாவன அல்ல. வழி வேறாயினும் செயல் ஒன்றே. தாயின் உடலே குட்டிக்கு உணவாகிறது.

இதை முதலில் எழுதி வைத்தவர் அரிஸ்டாட்டில். ஜாஹிழ் தம் நூலில் ‘ஸாஹிபுல் மன்திக்’, அதாவது தர்க்கக் கலையின் ஆசான், என்று குறிப்பிடுவது இவரையே. வழவழப்பான தோலுடைய ஒருவகைச் சுறாவின் குட்டிகள் கொடியால் கருப்பையோடு இணைந்திருப்பதை அவர் குறித்தார். அவருடைய விலங்கியல் நூல்கள் அப்பாஸியர் காலத்தில் அரபியில் மொழிபெயர்க்கப்பட்டு, அவையும் ‘கிதாபுல் ஹயவான்’ என்ற பெயரையே பெற்றன. ஆயினும் மீனுக்கு நஞ்சுக்கொடி என்பது நம்பத்தக்கதாகப் பலருக்கும் தோன்றவில்லை. 1842இல் ஜொஹான்னஸ் முல்லர் என்ற ஜெர்மானிய உடலியல் அறிஞர் அதே சுறாவை ஆராய்ந்து, அரிஸ்டாட்டில் கூறியது சரியே என்று நிறுவினார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நூலில் காத்துக்கிடந்த அந்த உண்மையை நம் கடற்கரைச் சிறுவன் ஒருவன் மீன் அறுக்கும் இடத்தில் தன் கண்ணாலேயே கண்டுகொண்டான் என்பது எண்ணத்தக்கது.

இனி இவ்விரு தாய்மாரையும் ஒப்பிடுவோம். புள்ளிமான் ஏறத்தாழ எட்டு மாதம் சுமக்கும். பெரும்பாலும் ஒரே குட்டியை ஈனும். பால் சுறா ஏறத்தாழ ஓராண்டு சுமக்கும். ஒன்று முதல் எட்டு வரை, பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து குட்டிகளை ஈனும். சில இடங்களில் ஆண்டுக்கொரு முறையும், சில இடங்களில் ஓராண்டு விட்டு ஓராண்டும் ஈனுவதாக ஆய்வாளர் கண்டுள்ளனர். சுறாவின் சூற்காலம் மானின் சூற்காலத்தைவிட நீண்டது என்பதை இங்குக் கவனிக்க வேண்டும்.

ஈன்றபின் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. மான் தன் குட்டியைப் புதரில் மறைத்து வைத்துப் பாலூட்டி வளர்க்கிறது. சுறாத் தாய்க்கு அக்கடமை இல்லை. பால் என்பது அதன் பெயரில் மட்டுமே உள்ளது. பிறக்கும்போதே முப்பது சென்டிமீட்டர் அளவில், பற்களோடும் வேட்டையறிவோடும் வரும் குட்டி, கரையோரத்தின் ஆழமற்ற நீரில் தானே இரை தேடத் தொடங்கிவிடுகிறது. மான் ஈன்றபின் செய்யும் செலவையும் சுறா ஈனுமுன்னரே செய்து முடித்துவிடுகிறது எனலாம்.

எண்ணிக்கை சொல்லும் செய்தி

இந்த ஒப்புமை வெறும் வியப்புக்குரியதன்று. ஒரு மத்தி மீன் ஒரு பருவத்தில் பல்லாயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. அவற்றுள் மிகச் சிலவே பிழைத்தாலும் இனம் தழைக்கும். ஒரு நல்ல பருவம் வாய்த்தால் குறைந்த எண்ணிக்கை மீண்டும் பெருகிவிடும். கடல் வற்றாதது என்ற நம் முன்னோரின் எண்ணம் இத்தகைய மீன்களைக் கண்டு எழுந்ததே.

பால் சுறாவின் கணக்கோ வேறு. எட்டு ஆண்டுகளேனும் அது வாழக்கூடும். பருவமடைய அதில் இரண்டு, மூன்று ஆண்டுகள் கழியும். ஆண்டுக்கு நான்கு குட்டிகள் வீதம் ஐந்து முறை ஈன்றதாகக் கொண்டாலும், ஒரு தாயின் வாழ்நாள் ஈட்டம் இருபது குட்டிகள்தாம். சுறாக்களுக்குள் இதுவே விரைந்து பெருகும் இனங்களுள் ஒன்று. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சூல் சுமக்கும் சுறாக்களும் கடலில் உள்ளன. ஆக, எண்ணிக்கையில் சுறா மத்தியின் வரிசையில் அன்று, மானின் வரிசையில் நிற்கிறது. மீன் என்ற பெயர் இந்த உண்மையை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

மான் குறைவாக ஈன்றும் தழைப்பது எவ்வாறு? வேட்டை நீங்கிய இடங்களில் அது பெருகிவிடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அந்தமானில் கொண்டுபோய் விட்ட புள்ளிமான்கள், புலியும் சிறுத்தையும் இல்லாத அத்தீவுகளில் காட்டுக்கே சுமையாகுமளவு பெருகின. 1868இல் ஹவாய்த் தீவுகளின் அரசருக்கு அன்பளிப்பாகச் சென்ற சில மான்களின் வழித்தோன்றல்கள் இன்று பல்லாயிரம். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடுத்தது. மானைச் சுட்டவர் சிறை செல்வார் என்பதை இன்று சிறுவரும் அறிவர். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் புள்ளிமானை அச்சம் குறைந்த இனங்களின் வரிசையில் வைத்துள்ளது.

அதே சங்கம் பால் சுறாவை முன்பு அவ்வரிசையிலேயே வைத்திருந்தது. 2020ஆம் ஆண்டு மறுமதிப்பீட்டில் அதை அழிவுக்கு ஆளாகக்கூடிய இனமாக அறிவித்தது. காட்டில் உள்ளதைச் சட்டம் காக்க, கடலில் உள்ளது வலையில் தேய்ந்துகொண்டிருக்கிறது.

சுறாக்களுக்குச் சட்டமே இல்லை என்று கூறிவிட முடியாது. 2001இல் திமிங்கலச் சுறாவும், அதையடுத்து வேறு சில சுறா, திருக்கை இனங்களும் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றன. 2015இல் சுறாத் துடுப்பு ஏற்றுமதி நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய பன்னாட்டு வனவிலங்கு வணிக உடன்படிக்கை மாநாடு, பால் சுறா அடங்கிய குடும்பம் முழுவதையும் வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் விதி உள்ளூர்ச் சந்தையைத் தொடுவதில்லை. சிறு சுறாக்கள் பெரும்பாலும் விற்பனையாவது உள்ளூர்ச் சந்தையில்தான். பெரும்பாலும் அவை தேடிப் பிடிக்கப்படுவதுமில்லை. வேறு மீனுக்கு வீசிய வலையில் தாமாகவே சிக்குகின்றன. வலையை இழுக்கும் மீனவரைக் குறை கூறிப் பயனில்லை.

நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்களின் இனப்பெருக்கத்தை எண்ணி வகுக்கப்பட்ட நல்ல ஏற்பாடு இது. முட்டையிட்டு நீங்கும் மீன்களுக்கு அந்த இடைவெளி போதுமானதாக இருக்கலாம். சுறாவுக்கும் அந்நாட்களில் உயிர் தப்பும் வாய்ப்பு உண்டு. ஆனால் ஆண்டு முழுவதும் சூல் சுமக்கும் ஒரு தாய்க்கு 61 நாள் ஓய்வு எத்தனை தூரம் போதும்? மீதமுள்ள பத்து மாதங்களில் எந்த நாளில் வலையில் விழுந்தாலும் அது தன் குட்டிகளோடுதான் விழும்.

ஆகுமானதும் அளவும்

இங்கு வாசகர்கள் ஒன்றைக் கேட்கக்கூடும். கடல் வேட்டை ஆகுமாக்கப்பட்டதல்லவா? இஹ்ராம் அணிந்தவருக்குக் கூடத் தரை வேட்டை தடுக்கப்பட்டு, கடல் வேட்டை அனுமதிக்கப்பட்டுள்ளதே? உண்மை. மானை உண்ண முறைப்படி அறுத்தாக வேண்டும். மீனுக்கு அதுவும் தேவையில்லை. ஃபிக்ஹ் நூல்கள் தரையையும் கடலையும் பிரித்தே பேசுகின்றன. நாம் அதில் ஐயம் எழுப்பவில்லை.

ஆனால் ‘இதை உண்ணலாமா?’ என்பது ஒரு கேள்வி. ‘இதில் எத்தனை பிடித்தால் இனம் தீர்ந்துபோகும்?’ என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு விடை ஃபிக்ஹில் உள்ளது. இரண்டாவது கேள்விக்கு விடை அந்த உயிரின் கருப்பையில் உள்ளது. ஆகுமானதிலும் வரம்பு மீறுதல் ‘இஸ்ராஃப்’ என்பதை நாம் அறிவோம். நீர் தாராளமாக ஓடும் ஆற்றங்கரையிலும் ஒளுவில் வீண்விரயம் கூடாது என்ற ஒழுக்கத்தில் வளர்ந்த நமக்கு, கடலளவு என்பது எல்லையின்மைக்குச் சான்றாகிவிடக் கூடாது.

சுறாப்புட்டு பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சுறா இறைச்சியில் புரதம் நிறைந்துள்ளது. பேறுகாலத்தில் மெலிந்த உடலுக்கு அது நல்லுணவே. எனினும் சுறாக்களின் தசையில் பாதரசம் சேரும் என்பதும், வயதும் உடலளவும் கூடக்கூட அது கூடும் என்பதும் இன்று நன்கு அறியப்பட்டவை. பாலூட்டும் தாய்மாரும் கருவுற்ற பெண்களும் சுறாவைத் தவிர்க்க வேண்டுமென அமெரிக்க அரசின் உணவுத் துறை 2004இலேயே அறிவுறுத்தியது. தாய்க்கும் சேய்க்கும் நலம் நாடியே நம் பாட்டிமார் அதை ஊட்டினர். அதே நலத்தை நாடி, மத்தி போன்ற சிறு மீன்களால் அந்தப் புட்டைச் செய்துகொடுத்தால் வழக்கமும் மாறாது, நலமும் குறையாது. விரைந்து பெருகும் இனமாதலால் கடலுக்கும் அது எளிது.

மாணவருக்கு நாம் சொன்ன விடை சுருக்கமானது. “அது மீன்தான். ஆனால் மத்தியைப் போல எண்ணாதே. மானைப் போல எண்ணிக்கொள்.” அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “வாப்பாவிடம் சொல்கிறேன், ஹஜ்ரத். வலையில் உயிரோடு வரும் சூல் சுறாவையாவது திரும்ப விட்டுவிடச் சொல்லிப் பார்க்கிறேன்.”

அந்தத் தந்தை என்ன செய்தார் என்பதை நாம் கேட்கவில்லை. கேட்கும் உரிமை நமக்கு உண்டென்றும் தோன்றவில்லை. அவருடைய பிழைப்பு அந்த வலையில் இருக்கிறது. ஆனால் அடுத்த முறை மீன் சந்தையில் நம் கண்முன் பால் சுறா அறுக்கப்படும்போது, அதன் வயிற்றிலிருந்து வருவது கொடியோடு கூடிய குட்டியா என்று பார்க்கும் பொறுப்பு வாங்குகிற நமக்கும் உண்டு. சூல் கொண்ட மானை அறுத்து நம் முன் வைத்தால் நாம் கை நீட்டுவோமா என்று அவ்வேளையில் நம்மையே கேட்டுக்கொள்வோமாக.